பள்ளி மணி அடித்த பிறகு: ‘ஜகாட்’ திரைப்படம் கேட்கும் கேள்வி

மாணவர்களிடையே வன்முறை, குண்டர் கும்பல் ஒழிப்பில் சமுதாயத்தின் பங்கு, பதின்ம வயதினரின் கட்டொழுங்குச் சிக்கல். இப்படி ஒரு தலைப்பு படிவம் ஐந்தை முடிப்பதற்குள் எல்லா மாணவருக்கும் ஒரு முறையாவது வந்துவிடும். அதற்கு மாதிரி விடையும் தயாராக இருக்கும். பெற்றோர் கவனிப்பதில்லை, ஒரு பத்தி. பள்ளி கண்டிப்பதில்லை, ஒரு பத்தி. சினிமா கெடுக்கிறது, ஒரு பத்தி. காவல்துறை கடுமையாக நடக்க வேண்டும், ஒரு பத்தி. முடிவில் எல்லாரும் கைகோக்க வேண்டும். இலக்கணப் பிழை இல்லாவிட்டால் நல்ல புள்ளியும் கிடைக்கும்.

ஆனால் அந்தக் கட்டுரையை முழுவதும் படித்தாலும் ஒரு சின்ன விஷயம் தெரியாது. பையன் மதியம் ரெண்டு மணிக்கு எங்கே இருந்தான்? யார்கூட இருந்தான்? சாப்பிட்டானா? மாதிரிக் கட்டுரை இதைக் கேட்பதே இல்லை. சஞ்சய் குமார் பெருமாள் எழுதி இயக்கிய ‘ஜகாட்’ திரைப்படம் கேட்கிறது. பேராக்கில் தமிழ் கற்பிக்கிறவர்களும் கட்டுரை எழுதப் பழகுகிற மாணவர்களும் அந்தப் படத்தை இந்தக் கேள்வியோடு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தத் திறனாய்வு.

படம் யாரைப் பற்றியது?

‘ஜகாட்’ 2015 டிசம்பர் 17இல் மலேசியாவில் திரைக்கு வந்தது. ‘ஜாஹாட்’ என்ற மலாய்ச் சொல் நம்மவர் வாயில் புழங்கிப் புழங்கி ‘ஜகாட்’ ஆனது. பொல்லாதவன், சேட்டைக்காரன் என்று பொருள். “இவன் ரொம்ப ஜகாட்டு” என்று நாம் சிரித்துக்கொண்டும் சொல்வோம், வெறுத்துப்போயும் சொல்வோம். ஒரே சொல்லுக்குள் இருக்கும் அந்த இரண்டு தொனிகளுக்கு நடுவில்தான் படம் நடக்கிறது.

2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழியில் இல்லாத படங்களை முதலில் தனிப் பிரிவில் வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த ஏற்பாடு மாறியது. கடைசியில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது ‘ஜகாட்’டுக்குக் கிடைத்தது. தமிழில் பேசிய ஒரு படம் நாட்டின் படமாக ஏற்கப்பட்டதை மாணவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கதை 1990களின் தொடக்கத்தில் நடக்கிறது. அப்போய் 12 வயதுப் பையன். குறும்பும் கற்பனையும் சினிமா மோகமும் நிறைந்தவன். அப்பா மணியம் உடம்பு நோக உழைப்பவர். மகன் படித்தால்தான் இந்த வாழ்க்கையிலிருந்து தப்பிப்பான் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கை அவர் கையில் அடியாக மாறுகிறது. அவன் உறவில் இன்னும் இரண்டு பேர் உண்டு. பாலா போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர். துரை கும்பலைச் சேர்ந்தவர். ‘மெக்சிகோ’ என்பது அவருடைய வெளிப்பெயர். இந்த மூன்று ஆண்களுக்கு நடுவில் ஒரு சிறுவன் வளர்கிறான். சொல்லப்போனால் கதை அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அது ரப்பர் தோட்டம் போன கதை.

தோட்டத்துக் கடிகாரம், நகரத்துக் கடிகாரம்

‘தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தோம், கெட்டுப்போனோம்’ என்று நம் பெரியவர்கள் சொல்வது உண்டு. அது பாதி உண்மைதான். தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்தது, சண்டை இருந்தது. துரைக்கும் கிராணிக்கும் மண்டோருக்கும் பயந்து வாழ்ந்த வாழ்க்கை அது. பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் மங்கு துடைப்பதும் கட்டிப்பால் பொறுக்குவதும் விளையாட்டு அல்ல, கூலி இல்லாத வேலை. அதைப் பொற்காலம் என்று எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பால்மரம் வெட்டுகிறவரின் நாள் இருட்டிலேயே தொடங்கிவிடும். விடியுமுன் பெரட்டு, வெயில் ஏறுவதற்குள் வெட்டு, முற்பகலில் பால் எடுப்பு, பிறகு நிறுவை. மதியத்தில் வீடு. பள்ளி மணியும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் அடிக்கும். அதாவது பிள்ளை வீட்டுக்கு வரும்போது அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருப்பார்கள். இல்லாவிட்டால் லயத்தில் நாலு வீடு தள்ளி யாராவது இருப்பார்கள். பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகை. விளையாடத் திடல், மாலையில் கோயில். எல்லாரும் எல்லாரையும் பார்க்கும் தூரத்தில் இருந்தார்கள். “உங்கப் பையனை ஆத்தங்கரைப் பக்கம் பாத்தேன்” என்று சொல்ல ஓர் ஆள் எப்போதும் இருந்தார்.

இதை யாரும் ‘பள்ளிக்குப் பிந்திய பராமரிப்புத் திட்டம்’ என்று பெயர் வைத்து நடத்தவில்லை. வேலை நேரமும் வீடுகளின் நெருக்கமும் சேர்ந்து தானாக அமைந்தது அது. அதனால்தான் அது போனபோது போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தது. அப்போது தொழிலாளர்கள் தங்கள் காலடி மண்ணைத் தாங்களே வாங்க வேண்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன். மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளர்கள் கட்டிய காசில் அது தோட்டங்களை வாங்கியது. ஆனால் எல்லாத் தோட்டத்தையும் அப்படிக் காப்பாற்ற முடியவில்லை. பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டமும் தொழிற்பேட்டையும் வந்தன. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் புறம்போக்கு நிலத்திலும், பிறகு குறைந்த விலை அடுக்குமாடிகளிலும் குடியேறின. ஈப்போவைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் கச்சாங் பூத்தேவுக்குப் பெயர் பெற்ற புந்தோங்கிலும் “நீங்க எந்தத் தோட்டம்?” என்று கேட்டால் இன்றைக்கும் பெரியவர்களிடமிருந்து பதில் வரும்.

பட்டணத்தில் வேலை நேரம் வேறு. தொழிற்சாலையில் ஷிஃப்ட், பாதுகாவலர் வேலையில் 12 மணி நேரம், லாரி ஓட்டினால் எப்போது திரும்புவோம் என்றே தெரியாது. தமிழ்ப்பள்ளி மணி மட்டும் பழைய நேரத்திலேயே அடிக்கிறது. பெற்றோர் பொறுப்பில்லாமல் மாறிவிட்டார்கள் என்று நம் மாதிரிக் கட்டுரை சொல்கிறது. உண்மையில் மாறியது கடிகாரம். மணியம் மகனைக் கவனிக்காத அப்பா இல்லை. அவருக்கு மகனிடம் கொடுக்க நேரம் இல்லை. கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடப் பார்க்கிறார். அவர் ஓங்கும் கைக்குப் பின்னால் இருப்பது அந்த அவசரம்தான். அடி சரி என்று இதற்குப் பொருள் இல்லை. அடியை மட்டும் பார்த்துவிட்டு ‘பெற்றோரின் தவறு’ என்று எழுதினால் காரணத்தைப் பாதியில் விட்டுவிடுகிறோம்.

கும்பல் நடத்தும் மாலை வகுப்பு

‘ஜகாட்’டின் பலம், கும்பலை அது வெறும் தீமையாகக் காட்டாததில் இருக்கிறது. அப்போயின் கண் வழியாகப் பார்த்தால் கும்பலில் என்ன இருக்கிறது? போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிடும் அண்ணன் இருக்கிறான். மரியாதை இருக்கிறது. செய்ய ஏதோ ஒரு வேலை, அதைச் செய்தால் ஒரு பாராட்டு. வீட்டில் கிடைக்காத காதும் பள்ளியில் கிடைக்காத இடமும் அங்கே கிடைப்பதுபோல் தோன்றுகிறது. கசப்பான உண்மை ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால், ஒரு நல்ல பள்ளிக்குப் பிந்திய திட்டத்துக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் கும்பலிடம் உண்டு. கும்பலுக்கு லீவு கிடையாது. பதிவுக் கட்டணம் கிடையாது. ‘நீ கடைசி வகுப்புப் பையன், வராதே’ என்று சொல்வது கிடையாது. விலையை மட்டும் பிறகு வாங்கிக்கொள்ளும்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் ஏறத்தாழ 40,000 உறுப்பினர்கள் என்றும், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்றும் சொல்லப்பட்டது. நாட்டு மக்கள் தொகையில் நாம் ஏறத்தாழ 7 விழுக்காடு. இந்த எண்களை மாணவர்கள் கட்டுரையில் எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் எண்ணை எழுதியதும் ‘நம் சமுதாயம் சீரழிந்துவிட்டது’ என்று ஒரு வாக்கியத்தைப் போட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். எண் சொல்வது எத்தனை பேர் என்பதை மட்டுமே. எப்படி என்பதை அப்போய் போன்ற ஒரு பையனின் கதைதான் சொல்லும்.

நேரம் முக்கியம் என்பது நம் ஊருக்கு மட்டும் உரிய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் குற்றப் பதிவுகளைப் பார்த்தவர்கள், பள்ளி நாள்களில் இளையோரின் வன்முறைக் குற்றங்கள் பள்ளி விட்ட கையோடு, மாலை மூன்று நான்கு மணி வாக்கில் உச்சத்தைத் தொடுவதைக் கண்டார்கள். பள்ளி இல்லாத நாள்களில் அந்த உச்சம் இரவுக்கு நகர்ந்துவிடுகிறது. நாமோ குடியிருப்புப் பாதுகாப்பு என்றால் இரவை மட்டுமே நினைக்கிறோம். 1975இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்காவின் ரோந்து பெரும்பாலும் இரவில். கேட், சிசிடிவி, பாதுகாவலர் எல்லாம் திருடனுக்காக. மதியத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் 12 வயதுப் பையனுக்காக யாரும் ரோந்து போவதில்லை. சமூகப் பாதுகாப்பு என்றால் அவனிடமிருந்து நம்மைக் காப்பது என்று நினைக்கிறோம். முதலில் பாதுகாப்பு தேவைப்படுவது அவனுக்குத்தான். கும்பல் முதலில் பறிப்பது அவனைத்தானே?

நம் திட்டங்கள் யாருக்காக?

நாம் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. 1982இல் முனைவர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நாடு முழுவதும் துணைப்பாட வகுப்புகளை நடத்தியது. தோட்டத்துப் பிள்ளைகள் பலரைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுசேர்த்தது. ‘கல்வி யாத்திரை’ என்று படிப்பையே ஒரு நேர்த்திக்கடனாக்கிய இயக்கம் அது. அதன் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. பேராக்கில் உள்ள தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர்கள் தங்கள் நேரத்தைக் கொடுத்து மதிய வகுப்பு எடுக்கிறார்கள். அதுவும் உண்மை.

ஆனால் ‘பள்ளிக்குப் பிறகு’ என்றாலே நமக்கு டியூஷன் என்றுதான் பொருள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. டியூஷன் நல்லது. யாருக்கு? தேறப்போகிற பிள்ளைக்கு. காலை முழுவதும் வகுப்பில் புரியாமல் உட்கார்ந்திருந்த பையனை மதியமும் அதே நாற்காலியில் அதே பாடத்துக்கு உட்காரச் சொன்னால் அவன் ஓடத்தான் செய்வான். ஓடினால் ‘ஆர்வமில்லை’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். யாருக்கு அந்த மதியம் ரொம்பவும் தேவையோ அவனே முதலில் வெளியே போகிறான்.

இன்னொரு பக்கம், ஆண்டுக்கு ஒரு முறை தன்முனைப்பு முகாம், காவல்துறை அதிகாரியின் உரை, சில இடங்களில் சிறைச்சாலை வருகை. பயம் காட்டினால் திருந்துவான் என்று நம்புகிறோம். அமெரிக்காவில் இளைஞர்களைச் சிறைக்குக் கூட்டிப்போய்ப் பயமுறுத்தும் திட்டங்கள் 1970களில் பெரிய புகழ் பெற்றன. பிறகு முறையாக ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, அவற்றில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட அதிகமாகவே குற்றத்தில் இறங்கியிருந்தார்கள். ஒருநாள் பயம் மறுநாள் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். மறுநாள் மதியமோ மறுபடியும் காலியாகவே இருக்கும்.

படிப்பை விட்டுவிட்ட பிள்ளைகளுக்கென்று மை ஸ்கில்ஸ் அறவாரியம், பேராக் எல்லைக்குக் கொஞ்சம் தெற்கே, உலு சிலாங்கூரின் களும்பாங்கில் தொழிற்பயிற்சி வளாகம் நடத்துகிறது. விழுந்த பிறகு தூக்கிவிடும் கை அது. தேவையானது. ஆனால் விழுவதற்கு முந்திய ஐந்தாறு ஆண்டுகள், அதாவது ஆண்டு நான்கிலிருந்து படிவம் மூன்றுவரை, யார் கையில் இருக்கின்றன?

அப்போயின் வயது 12 என்பது தற்செயலாக இருக்கலாம். ஆசிரியர்களுக்கு அது சும்மா ஓர் எண் இல்லை. 12 முடிந்ததும் நம் பிள்ளை தன்னைப் பேர் சொல்லித் தெரிந்த சிறிய தமிழ்ப்பள்ளியை விட்டு, ஆயிரம் பேர் படிக்கும் மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். சிலர் முதலில் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு இருக்க வேண்டும். நகரத்துப் பெரிய பள்ளிகள் பலவற்றில் கீழ்ப்படிவங்களுக்கு மதியத்தில்தான் பள்ளி. அப்படியானால் அவனுக்குக் காலை காலி. தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு அவன் பழைய மாணவன், புதிய பள்ளிக்கு அவன் ஒரு பதிவு எண். அந்த இடைவெளியில் அவனை அடையாளம் கண்டுகொள்பவன் தெருமுனையில் மோட்டாரில் சாய்ந்து நிற்கும் அண்ணன்தான்.

படத்தின் குறை

படத்தைப் பாராட்டுவதோடு நிறுத்தினால் அது திறனாய்வு ஆகாது. ‘ஜகாட்’ ஆண்களின் உலகத்தையே பார்க்கிறது. பெண்களின் நாள் எப்படிக் கழிகிறது என்பதில் அதற்கு அக்கறை குறைவு. தெருவில் நிற்பது பையன் என்றால், அதே மதியத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் அடைந்துகிடப்பது அக்கா. பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது அவளையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இரண்டாவது, படம் கீழே போகும் பாதையை அவ்வளவு நம்பும்படி காட்டுகிறது, வேறு பாதையே இல்லையோ என்று தோன்றிவிடுகிறது. பாலா ஒருவர்தான் வேறு மாதிரியான சாத்தியம். அடிபட்டுத் திரும்பி வந்தவர், பையனிடம் பேசக்கூடியவர். ஆனால் அவர் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இல்லை. கலைஞன் உண்மையைக் காட்டினால் போதும், தீர்வு சொல்ல வேண்டியதில்லை என்று வாதிடலாம். சரிதான். அப்படியானால் படம் விட்ட இடத்திலிருந்து தொடர்வது ஆசிரியர்களின் வேலை ஆகிறது. அனுபவப்பட்ட ஒரு பாலாவுக்கு நம் பள்ளித் திடலில் வாரம் மூன்று நாள் இடம் கொடுப்போமா என்ற கேள்வி நம்மிடம்தான் வந்து நிற்கிறது.

உருமி மேளக் குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பலோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டு அவற்றின்மேல் அடிக்கடி எழுகிறது. அதே நேரத்தில், எந்தப் பாடத்திலும் தேறாத பையன் மணிக்கணக்காகப் பொறுமையோடு பயிற்சி செய்யும் இடமும் அதுவாகத்தான் இருக்கிறது. மேளத்தில் குற்றம் இல்லை. யார் அந்தக் குழுவை நடத்துகிறார், எங்கே, எத்தனை மணிவரை என்பதுதான் விஷயம். சிலம்பத்துக்கும் பந்து விளையாட்டுக்கும் இதே கணக்குதான்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

இந்தத் தலைப்பு வந்தால் மாதிரிக் கட்டுரையை ஒப்பிப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த நேரம்? எந்த இடம்? அங்கே பெரியவர் யார்? அந்தப் பெரியவர் நாளைக்கும் வருவாரா? ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் ஊரிலிருந்து ஒரு சான்று தேடுங்கள். ‘பெற்றோர் பொறுப்பற்றவர்கள்’ என்பது வசை. ‘தாய் தொழிற்சாலையில் மாலை ஷிஃப்ட் பார்ப்பதால் வீடு இரவு பதினொரு மணிவரை பூட்டிக்கிடக்கிறது’ என்பது கருத்து. திருத்துகிறவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியும். படத்தைச் சான்றாகக் காட்டினால் கதையைச் சுருக்கி எழுதாதீர்கள். அப்போய்க்கு மூன்று ஆண்கள் எதை எதைக் கொடுத்தார்கள் என்று ஒப்பிட்டு எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு

படத்தில் வன்முறையும் கொச்சைச் சொல்லும் உண்டு. நீங்கள் முதலில் பார்த்துவிட்டு, மேல்படிவ மாணவர்களுக்கு ஏற்ற பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள். பார்த்த பிறகு, தங்கள் வகுப்பில் படிக்கும் கற்பனை மாணவன் ஒருவனின் நாளைப் பகல் ஒரு மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை மணிவாரியாக எழுதச் சொல்லலாம். மாணவர்கள் சொந்தக் கதையை வெளியே சொல்லாமலேயே சொந்தக் கதையை எழுதிவிடுவார்கள். அதைப் படித்தால் மதிய வகுப்பை எப்படி மாற்ற வேண்டும் என்பது நமக்கே புரியும்.

மாற்றம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாரத்துக்கு மூன்று மதியம், மாதாமாதம் மாறாத அதே ஆள், முதலில் சாப்பாடு, பிறகு விளையாட்டோ மேளமோ கைவேலையோ, கடைசியில்தான் புத்தகம். கெட்டிக்காரப் பிள்ளையும் ஜகாட்டுப் பிள்ளையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். படிவம் ஒன்றுக்குப் போன பழைய மாணவனும் வரலாம் என்று கதவு திறந்திருக்க வேண்டும். பள்ளி வாரியமும் கோயில் நிர்வாகமும் ருக்குன் தெத்தாங்காவும் ஆளுக்கொரு மதியத்தை எடுத்துக்கொண்டாலே மூன்று நாள் நிறைந்துவிடும். பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் திடலும் வகுப்பறையும் நூல்நிலையமும் மதியத்துக்கு மேல் பூட்டிக்கிடக்கின்றன. சாவி நம் கையில்தான் இருக்கிறது.